விசிறியை அடக்கப்போய்ச் சூட்டை வளர்த்த கதை

திருப்பூரிலிருந்து:

பனியன் துணி பின்னும் எந்திரங்கள் ஓடும் கூடத்தை ஒட்டிய அறையில்தான் நான் கணக்கு எழுதுகிறேன். அங்கே பறக்கும் பஞ்சை மேசையிலிருந்து துடைத்துவிடலாம். மடிக்கணினி உள்ளே இழுத்துக்கொள்வதைத் துடைக்க முடியாது என்பது எனக்கு விளங்க மூன்று கோடைகள் ஆயின.

முதலில் என்னைத் தொல்லை செய்தது சத்தம்தான். எக்செல் கோப்பைத் திறந்தாலே விசிறி இரைந்ததால், அதன் வேகத்தை நாமே வரையறுக்க உதவும் மென்பொருள் ஒன்றை நிறுவி, நிமிடத்துக்கு 4,500 சுற்று வரை போய்க்கொண்டிருந்ததை 2,800 சுற்றில் நிறுத்தினேன். அறை அமைதியானது, கணினியோ ஊர்ந்தது. வெப்ப அளவைப் பார்த்தால் 98 டிகிரி! பெரும்பாலான மடிக்கணினிப் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பழுது பார்த்த கடையில், பிராசசரின் சூட்டை வெளியே கடத்த அதன்மேல் பூசும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றித் தந்தார்கள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பிறகு நானே அடித்தகட்டைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விடுவித்துவிட்டுப் பார்த்தேன். விசிறியின் இறக்கைகள் ஏறக்குறையச் சுத்தமாகவே இருந்தன. ஆனால் விசிறியின் மூடியை எடுத்ததும், அதற்கும் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டைப் போல் பஞ்சு திரண்டு காற்றுவழியை அடைத்திருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து காற்றடித்தால் இது உட்புறம் சாயுமே தவிர வெளியேறாது, விசிறி சுழன்றவுடன் மீண்டும் அதே இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுத்தேன். அதன்பின் அதே வேலைக்கு 76 டிகிரிதான்.

விசிறியை அடக்குவதைவிடச் சூட்டின் பிறப்பைக் குறைப்பதே மேல் என்று இப்போது கருதுகிறேன். விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால், தேவைப்படும்போது வழக்கமான வேகத்தைத் தாண்டி அது ஓடும் டர்போ வேகம் நின்றுவிடுகிறது. கணக்கு வேலையில் அந்த இழப்பு தெரிவதே இல்லை. விசிறி மெதுவாகச் சுழல்வதால் உள்ளிழுக்கும் பஞ்சும் குறைகிறது. ஆயினும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து:

காணொளி தொகுப்பவனான எனக்கு டர்போவை நிறுத்துவது கட்டுப்படியாகாது. மேலும் எங்கள் ஊர்த் தூசி வேறு வகை: மாவு போன்ற நுண்மணல் பஞ்சைப் போல் திரளுவதில்லை, காற்றடித்தாலே போய்விடும், ஆனால் விசிறியின் பேரிங்கில் புகுந்து தேய்த்துவிடுகிறது. காற்றடிக்கும்போது இறக்கையைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யாமல், அது விர்ரென்று அளவுமீறிச் சுழன்றதை வேடிக்கை பார்த்ததில், ஒரு விசிறியை இழந்தேன்.

லினக்ஸில் தின்க்ஃபேன் என்னும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள் வழியாக, 60 டிகிரியில் வேகம் கூடவும் 52 டிகிரிக்கு இறங்கிய பிறகே குறையவும் அமைத்திருக்கிறேன். இரண்டு எல்லைகளையும் ஒரே அளவில் வைத்திருந்த நாள்களில் விசிறி நிமிடத்துக்கு நாலு முறை ஏறி இறங்கியது. சீரான இரைச்சலைவிட அந்த ஏற்ற இறக்கமே காதுக்குப் பெருந்தொல்லை.