பைக் செயினுக்கு எது போடலாம்: ஸ்ப்ரேயா, கியர் ஆயிலா? (அனுபவப் பகிர்வு)

எந்த லூப் (செயினுக்குப் போடும் மசகு) நல்லது என்று கேட்பதற்கு முன், வண்டியில் இருப்பது எந்தச் செயின் என்று குனிந்து பாருங்கள். உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் ஓ-ரிங் செயின். வெறும் இரும்புதான் தெரிகிறது என்றால் சாதாரணச் செயின். முழு கவர் போட்ட 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் இதுதான்.

ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் (இணைப்புகளைக் கோக்கும் இரும்பு ஆணி, pin) அதைச் சுற்றியிருக்கும் குழல்போன்ற புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் வைத்து அடைத்தே அனுப்புகிறார்கள். வெளியே நாம் விடும் ஆயில் அங்கே போகாது, போகவும் வேண்டாம். செயினின் ரோலர் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லில் உட்காரும் இடம் தேயக் கூடாது, ரப்பர் காயக் கூடாது, தகடு துருப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் நாம் விடும் ஆயிலின் வேலை. சாதாரணச் செயினில் கதையே வேறு. ஆயில் உள்ளே இருக்கும் அந்தப் பின் ஆணி வரை ஊறி இறங்கினால்தான் பலன். மேலே பளபளவென்று இருந்து உள்ளே வறண்டு கிடக்கும் செயின்தான் சீக்கிரம் நீளும். அதனால் சாதாரணச் செயினுக்கு என் ஓட்டு 80டபிள்யூ-90 கியர் ஆயிலுக்கு. ஓ-ரிங்குக்கு அதுவும் சரி, டப்பாவில் ஓ-ரிங் செயினுக்கு உகந்தது என்று போட்டிருக்கும் ஸ்ப்ரேயும் சரி.

*

மேலே சொன்னது சரிதான் ஜி. 90 என்றதும் நிறையப் பேர் கெட்டி ஆயில் என்று நினைத்துவிடுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கியர் ஆயிலின் எண் அளவு தனி, எஞ்சின் ஆயிலின் எண் அளவு தனி. சூட்டில் 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எஞ்சின் ஆயிலின் தடிமன்தான். ஆகவே கூடுதலாக விட்டால் ரிம் முழுக்கத் தெறிக்கும். 140 எண் கியர் ஆயில் தெறிப்பது குறைவு, ஆனால் சாதாரணச் செயினில் மெதுவாகத்தான் இறங்கும்.

அளவுதான் விஷயம். மெடிக்கலில் 10 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு ஆயிலை ஏற்றிக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடுக்கில் இரண்டு ஓரமும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உள்பக்கம் விடுவது ஏனென்றால், ஓடும்போது சுழற்சி அதை வெளியே தள்ளும், வழியில் இருப்பதெல்லாம் நனையும். முழுச் செயினுக்கும் ஒரு சிரிஞ்சே அதிகம். கால் மணி நேரம் விட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். விரலால் தொட்டால் கறை ஒட்ட வேண்டும், ஆனால் எங்கும் சொட்டு தொங்கக் கூடாது.

எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணி பிடிப்பதைக் கடைகளிலேயே பார்க்கலாம். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

*

ஸ்ப்ரே பயன்படுத்துகிறவர்களுக்கு: வண்டி ஓட்டிவிட்டு வந்ததும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடியுங்கள். டப்பாவை நன்றாகக் குலுக்கி, இரண்டு சுற்று போதும். டயருக்கும் பின் டிஸ்க்குக்கும் அட்டை மறைப்பு வையுங்கள். டிஸ்க்கில் ஸ்ப்ரே பட்டால் பிரேக் பிடிக்காது. அடித்ததும் கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் லூப் பசைபோலப் பிடிக்கும். இரவு அடித்து, காலையில் எடுப்பது உத்தமம்.

செம்மண் ரோடு, கட்டட வேலை நடக்கும் ரோடு என்று ஓடுகிற வண்டிக்கு மெழுகு வகை ஸ்ப்ரே நல்லது, தூசி குறைவாக ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சீக்கிரம் போய்விடும். அப்போது ஒட்டும் தன்மை அதிகமுள்ள வகைக்கு மாறுங்கள். ஈசிஆர் பக்கம் கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஓட்டமே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை செயினைத் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் நிற்கிற வண்டிதான் முதலில் துருப்பிடிக்கும்.

*

பழைய எஞ்சின் ஆயில் ஓசியில் கிடைக்கிறதே என்று விடுகிறார்கள். அதில் கரியும் தேய்ந்த உலோகத் துகளும் இருக்கின்றன. கிரீஸை மேலே அப்புவதும் அதே கேடுதான்: மண் ஒட்டி, உப்புத்தாள்போலப் பல்லை அரைக்கும். நீல டப்பா டபிள்யூடி-40 நீரை விரட்டும், துருவை இளக்கும். செயினுக்கு லூப்பாக அது நிற்காது.

கழுவ மண்ணெண்ணெய் போதும், ஒரு டம்ளர். பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பழைய டூத் பிரஷ் சரி, கம்பி பிரஷ் கூடாது. பிரஷர் வாஷ் துப்பாக்கியைச் செயினுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் ரப்பரைத் தாண்டி உள்ளே போகும். முன் ஸ்ப்ராக்கெட் கவரையும் அவ்வப்போது கழற்றுங்கள். ஆயிலும் மண்ணும் சேர்ந்து களிமண்போல அங்கே அப்பிக் கிடக்கும். அதை விட்டுவிட்டுப் புது லூப் அடித்தால், முதல் சுற்றிலேயே அழுக்கு திரும்பச் செயினில் ஏறும். பிறகு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப், நனைந்தால் காய்ந்ததும் உடனே.

*

முழு கவர் வண்டிக்காரர்கள் கவரில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியைத் திறந்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஆயில் விடலாம். ஆனால் கழுவ வேண்டுமென்றால் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது லாக் இணைப்பை (கிளிப் போட்டுப் பூட்டிய, கழற்றக்கூடிய இணைப்பு) கழற்றினால், மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திறந்த பக்கம் முன்னால் வந்தால் கழன்று விழும்.

*

கடைசியாக ஒன்று. ஏதாவது ஒரு இணைப்பிலிருந்து மட்டும் சிவந்த பொடி வருகிறதா, அந்த இடம் மட்டும் மடங்காமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே ரப்பர் போய், உள் கிரீஸும் போய்விட்டது என்று அர்த்தம். எந்த லூப்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது. 428 என்ற அளவுச் செயினில் 20 இணைப்பு, ஒரு பின் ஆணியின் நடுவிலிருந்து கடைசிப் பின் ஆணியின் நடு வரை, 254 மி.மீ. இருக்க வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். ஓ-ரிங் செயினில் 256.5-ஐத் தாண்டினால் லூப்புக்குச் செலவழிக்காமல் முன், பின் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றிவிடுங்கள்.