'டெட் ஸ்பேஸ்': செவிலியர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, செவிலியர் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்காக மூச்சு மண்டலம் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூச்சுக்குழல், நுண்ணறை, உதரவிதானம் எல்லாம் பள்ளியிலேயே பழகிய சொற்கள், அவற்றில் சிக்கல் இல்லை. இடிப்பது 'டெட் ஸ்பேஸ்'.

சாதாரண மூச்சு ஒன்றில் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே போகிறது. அதில் ஏறக்குறைய 150 மி.லி. மூக்கு, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல், அதன் கிளைகள் இவற்றிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. நுண்ணறை வரை போய்ச் சேராததால் ரத்தத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. இந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும். 'செத்த இடம்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "நுரையீரல்ல எந்தப் பக்கம் செத்துப்போச்சு மேடம்?" என்று கேட்கிறார்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'இறந்த வெளி' என்று போடுங்கள். இறத்தல் என்றால் சாதல் என்பது பின்னால் வந்த பொருள். கடத்தல்தான் முதற்பொருள். இறந்தகாலம் என்றால் செத்துப்போன காலமா? 'துறந்தாரின் தூய்மை உடையர் இறந்தார்வாய்' என்று வள்ளுவர் சொல்லும் 'இறந்தார்' நெறி கடந்தவர்கள், பிணங்கள் அல்ல. காற்று கடந்து போகிற வெளி ஆதலால் இறந்த வெளி. ஆங்கிலத்துக்கும் நேர், தமிழுக்கும் நேர்.

இன்னொன்று. கையேடு முழுக்கக் 'காற்று' என்று எழுதியிருப்பீர்கள். பிறப்பியலில் தொல்காப்பியர் 'உந்தி முதலா முந்துவளி' என்கிறார், நன்னூலார் 'உள்வளி' என்கிறார். உடம்புக்குள் இருப்பது வளி. ஒரு மூச்சில் போய்வரும் காற்றின் அளவான 'டைடல் வால்யூம்' என்பதற்கும் ஓதம் என்ற அருமையான சொல் இருக்கிறது. கடல் ஏறி இறங்குவது போல...

காரைக்குடி, செவிலியர் பயிற்றுநர்:

ஐயா, ஓதத்தை இப்போது எடுக்காதீர்கள். ஒரு சொல் போதும் எனக்கு.

புதுக்கோட்டை, மயக்கவியல் மருத்துவர்:

புலவர் ஐயா சொல்லும் பொருள் சரிதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நோயாளியின் மகன் நிற்கும்போது ஒரு செவிலியர் இன்னொருவரிடம் "இறந்த வெளி கூடிவிட்டது" என்றால் அவர் திருக்குறளையா நினைப்பார்?

'வீண்வெளி', 'பயனற்ற இடம்' என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் சும்மா இல்லை. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைச் சளியில் பிடித்து, நுண்மயிர்களால் மேலே தள்ளும் வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. வாயுப் பரிமாற்றம் மட்டும் இல்லை.

மாணவிகளுக்குச் சொல்லைவிடக் கணக்கு முக்கியம். நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு 500 மி.லி. என்றால் மொத்தம் 6000. நோயாளி இளைத்து இளைத்து 24 முறை, 250 மி.லி. வீதம் இழுத்தாலும் அதே 6000. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150 வழியிலேயே நின்றுவிடுகிறதே! முதல் ஆளுக்கு நுண்ணறைக்குப் போய்ச் சேருவது 4200, இரண்டாவது ஆளுக்கு வெறும் 2400. வேகமாக மூச்சு விடுகிறார், அதனால் காற்று நன்றாகப் போகிறது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. இதற்காகவாவது அந்த இடத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும்தான்.

சிங்கப்பூர் (ஊர் பள்ளத்தூர்):

'இடைகழி' என்று வைத்தால் என்ன? வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் இருப்பது. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்களும் நெருக்கியடித்து நின்ற இடம். பொய்கையார் பெருமாளைப் பாடும்போது 'வாயில் கடைகழியா உள்புகா' என்கிறார்: வாசலைத் தாண்டி வெளியேயும் போகாமல், உள்ளேயும் நுழையாமல். அந்த 150 மி.லி. காற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்? இடைகழிக் காற்று, இடைகழிக் கொள்ளளவு. முடிந்தது.

கானாடுகாத்தான், கட்டடக் கலைஞர்:

அண்ணே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம பக்கத்து வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்றுதான் பேச்சு. உள்ளே போகிற வழியை எங்கள் வீட்டில் 'நடை' என்பார்கள். இடைகழி என்று என் ஆயா வாயில் நான் கேட்டதே இல்லை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கேட்டிருப்பீர்கள் தம்பி, 'ரேழி' என்ற உருவத்தில். இடைகழி மருவி 'டேழி'. டகரம் மொழிக்கு முதலில் வராது என்பதால் நாக்கு அதை 'ரேழி' ஆக்கியது. ரகரமும் முதலில் வராது என்பதால் எழுதுவோர் 'இரேழி' என்று இகரம் சேர்த்தனர். ஒரு சொல் இலக்கணத்துக்கு அஞ்சி இரண்டு முறை சட்டை மாற்றிய வரலாறு இது. 'இறந்த வெளி'யை நான் கைவிடவில்லை. ஆனால் இடைகழியை எதிர்க்க மனம் வரவில்லை.

காரைக்குடி, செவிலியர் பயிற்றுநர்:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே பயம், 'கழி' என்றதும் கழிவறை நினைவுக்கு வந்து பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சிங்கப்பூர் (ஊர் பள்ளத்தூர்):

சிரித்தால் மறக்கமாட்டார்கள், ஆச்சி.

புதுக்கோட்டை, மயக்கவியல் மருத்துவர்:

உற்சாகத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். இடைகழி பாதிக்குத்தான் பொருந்தும். நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், காற்று நுண்ணறை வரைக்கும் ஒழுங்காகப் போகும். ஆனால் எதிரே ரத்தம் வராது, பரிமாற்றம் நடக்காது. அந்த நுண்ணறைகளும் 'டெட் ஸ்பேஸ்' கணக்கில்தான் சேரும். அதை இடைகழி என்று எப்படிச் சொல்வது? காற்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதே. உடற்கூற்றுப்படி ஒன்று (குழாய்கள் மட்டும்), உடலியங்கியல்படி ஒன்று (இந்த நுண்ணறைகளும் சேர்ந்த மொத்தம்) என்று இரண்டு உண்டு. நல்ல உடம்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நோயில்தான் பிரிகின்றன, நமக்கு வேண்டியதும் அங்கேதான். இரண்டுக்கும் பொதுவாகப் 'பரிமாறா வெளி' எனலாமா?

கானாடுகாத்தான், கட்டடக் கலைஞர்:

'பரிமாறா' என்றால் காரைக்குடியில் இலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள் டாக்டர்.

காரைக்குடி, செவிலியர் பயிற்றுநர்:

அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். குழாய்களில் நிற்பதற்கு 'இடைகழிக் காற்று' என்று போட்டுவிட்டேன். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இடைகழி சுருங்கும் என்று எழுதும்போது தானாகவே விளங்குகிறது. டாக்டர் சொன்ன மொத்தக் கணக்குக்குச் சொல் அமையவில்லை, அதைத் தமிழ் எழுத்தில் 'டெட் ஸ்பேஸ்' என்றே விட்டிருக்கிறேன். பெரும்பாலோருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எனக்குச் சம்மதம் இல்லை என்று பதிவு செய்க. டகரம் மொழிக்கு முதலில் வராது. அடுத்த பதிப்பிலாவது 'இறந்த வெளி'.