பார்படாஸில் பிள்ளைகள் விளையாட அலையுள்ள கடற்கரை எது?

ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பார்படாஸ் வந்து 6 நாள் ஆகிறது, மேற்கே ஹோல்டவுனில் தங்கியிருக்கிறோம், இன்னும் 4 நாள்தான் பாக்கி. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், அலைமேல் படுத்துச் சறுக்கும் பலகையான பூகி போர்டும் வாங்கியாயிற்று. ஆனால் இந்தப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. பேய்ன்ஸ் பே, மல்லின்ஸ் இரண்டிலும் இறங்கிப் பார்த்தோம், கணுக்கால் உயரத்துக்குக்கூட அலை எழவில்லை. சின்னவள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் கடலையே பார்த்து நின்றாள், எனக்கு மனசே கேட்கவில்லை.

சரி என்று நேற்று வாடகைக் காரில் கிழக்கே பாத்ஷீபாவுக்குப் போனோம். அங்கே அட்லாண்டிக் அப்படியே வந்து மோதுகிறது, அடியில் பாறை, இழுப்பும் பலம். நன்றாக சர்ஃபிங் தெரிந்தவர்களுக்கான இடம் அது, பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் விடவில்லை.

இனி தெற்குப் பக்கம்தான். அக்ரா, டோவர், அப்புறம் தென்கிழக்கில் கிரேன். அலை இடுப்பளவு இருந்தால் போதும், அடியில் மணல் வேண்டும், உயிர்காப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இந்த மூன்றில் எதற்குப் போகலாம்?