தரம் 6 ஆங்கிலம்: வாசிப்பு இடர்பாடா, மொழி பழக்கமில்லையா? எப்பிடிப் பிரிச்சறியிறது?

வடமராட்சி_ஆங்கிலம் கேட்டது:

வணக்கம். தரம் 6, முப்பத்துநாலு பிள்ளையள், பாடவேளை 40 நிமிசம். இதில ஏழு பேர் ஆங்கிலத்தில ஒரு சொல்லும் வாசிக்கமாட்டினம். ரெண்டு பேர் ஆரம்பப் பிரிவில விசேட கல்வி அலகில இருந்து வந்தவை. ஒரு பிள்ளைக்கு இடது காது கேள்திறன் குறைவு எண்டு பழைய அறிக்கையில கிடக்கு. மிச்ச நாலு பேருக்கும் எந்தப் பதிவும் இல்லை.

ஏழு பேரையும் அலகுக்கு அனுப்பச் சொல்லி வகுப்பாசிரியர் நிக்கிறார். தாய்மார் ரியூசனில விட்டாச் சரிவரும் எண்டு சொல்லினம். ரெண்டும் எனக்குச் சரியாப் படேல்லை. ஆருக்கு உண்மையில விசேட உதவி தேவை, ஆருக்கு ஆங்கிலம் மட்டும்தான் பிரச்சினை எண்டு வகுப்பறையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கோ? கண்டுபிடிச்ச பிறகு எங்கையிருந்து தொடங்கிறது? பி, டி எழுத்துக் குழப்பத்துக்கும் ஆராவது வழி சொல்லுங்கோ.

அலகு_ஆசிரியை:

ரீச்சர், முதல்ல ஆங்கிலப் புத்தகத்தை மூடி வையுங்கோ. சோதிக்கவேண்டியது தமிழில. வாசிப்பு இடர்பாடு உள்ள பிள்ளையிட்டை அது தாய்மொழியிலயும் வெளிப்படும். ஆங்கிலத்தில மட்டும் வெளிப்பட்டால் பெரும்பாலும் அது படிப்பிச்ச முறையிலயோ பழக்கத்திலயோ வந்த குறை.

தரம் 3 தமிழ்ப் புத்தகத்தில அறுபது சொல் அளவில ஒரு பந்தி எடுங்கோ. ஒவ்வொருத்தராத் தனியாக் கூப்பிட்டு வாசிக்கவிட்டு, போனில ஒரு நிமிசம் பாருங்கோ. நிமிசம் முடியேக்கை எந்தச் சொல்லில நிக்கினம், எத்தினை பிழை எண்டு குறியுங்கோ. இதே பந்தியை அதே வகுப்பில நடுத்தரமா வாசிக்கிற மூண்டு பேருக்கும் குடுங்கோ. வேற அளவுகோல் தேவையில்லை, அந்த மூண்டு பேரோட ஒப்பிட்டாலே காணும்.

இதில கனபேர் சறுக்கிற இடம் ஒண்டு இருக்கு. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலிக்கு நேரா நிக்கிறதால, இடர்பாடு உள்ள பிள்ளையும் எழுத்துக்கூட்டிப் பிழையில்லாமல் வாசிச்சுப்போடும். "தமிழ் வாசிக்குது, பிரச்சினை இல்லை" எண்டு விட்டுவிடுவம். பிழையைவிட வேகம்தான் அங்க காட்டிக்குடுக்கும். மற்றவை பந்தியை முடிக்க, இந்தப் பிள்ளை மூண்டாம் வரியில நிண்டால் கவனியுங்கோ.

அடுத்தது பத்துச் சொல் சொல்வதெழுதுதல். ல, ள, ழ மாறினால் கணக்கெடுக்காதேங்கோ, முழு வகுப்பும் மாத்தித்தான் எழுதும். எழுத்து விடுபடுறது, எழுத்து இடம் மாறுறது, கொம்பு போட்டு அரவை (ா) விடுறது, குற்று (மெய்யெழுத்துப் புள்ளி) வைக்காமல் போறது, இதுகளைத்தான் பாக்கவேணும்.

மூண்டாவதா வேறொரு பந்தியை நீங்களே வாசிச்சுக் காட்டி நாலு கேள்வி வாயால கேளுங்கோ. கேட்டு நல்லா விடை சொல்லுற பிள்ளை, தானா வாசிக்கேக்கை திணறினால் வாசிப்பு இடர்பாடு எண்டு சந்தேகிக்கலாம். கேட்டும் விளங்கேல்லை எண்டால் காது, மொழி விருத்தி, விளங்கிற திறன் எல்லாம் பாக்கவேணும், அது வைத்தியரிட்டைப் போகவேண்டிய ஆள். தமிழ் வாசிப்பும் விளக்கமும் நல்லா இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அலகு தேவையே இல்லை.

பிள்ளையளின்ர வரவு இடாப்பிலயும் ஒருக்காக் கண் வையுங்கோ. சில பிள்ளையளின்ர தொடக்க வகுப்புக் காலத்தில 2020, 2021 கொரோனாப் பாடசாலை மூடல் விழுந்திருக்கும். எழுத்தே ஒழுங்காப் படிப்பிக்கப்படாத பிள்ளைக்கு இடர்பாடு எண்டு முத்திரை குத்தக்கூடாது. அமெரிக்காவில விசேட கல்விக்கான ஐ.டி.ஈ.ஏ. சட்டத்திலேயே இது இருக்கு: வாசிப்புச் சரியாக் கற்பிக்கப்படாததோ ஆங்கிலம் போதாததோ முக்கிய காரணமா இருந்தால், அதை வைச்சுப் பிள்ளையை மாற்றுத்திறனாளி எண்டு தீர்மானிக்க ஏலாது. இஞ்சை இலங்கையில எங்களுக்கும் அது நல்ல அளவுகோல்.

கண்ணும் காதும் பாக்காமல் எந்த முடிவும் எடுக்காதேங்கோ. பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையா தரம் 1, 4, 7, 10 பிள்ளையளுக்குத்தான். அடுத்த வருசம் மட்டும் காத்திருக்காமல், அதிபரின்ர கடிதத்தோட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போதனா வைத்தியசாலைக் கண் பிரிவுக்கோ அனுப்பலாம்.

மெய்யும்_உயிரும்:

பிரிச்சறிஞ்ச பிறகு ஆங்கில வாசிப்பு எப்பிடித் தொடங்கிறது எண்டதுக்கு வாறன்.

தமிழ்ப் பிள்ளை எழுத்தை ஒரு முழு அசையாத்தான் பாக்கும். "ப" எண்டால் அதுக்குள்ளை மெய்யும் உயிரும் சேந்தே கிடக்கு. ஆங்கிலம் ஒவ்வொரு ஒலியையும் பிரிச்சுக் கேக்குது. அதால தமிழ் நல்லா வாசிக்கிற பிள்ளையும் மூண்டு எழுத்துச் சொல்லில முதல் நாள் தடுமாறும். ஆனா எங்கடை பிள்ளையளிட்டை ஒரு கருவி ஏற்கனவே இருக்கு: ம் + அ = ம. இதைத் தரம் 1 இலயே செய்தவை. அதையே ஆங்கிலத்துக்கு எடுங்கோ.

ஏ முதல் இசட் வரை 26 எழுத்தின்ர பேரையும் பாடமாக்கிறதில நேரம் செலவழிக்க வேண்டாம். எம், என், ரி, "பென்" எண்ட சொல்லின்ர முதல் எழுத்து, உயிரில ஏ, ஐ. இந்த ஆறும் முதல் ரெண்டு கிழமைக்குக் காணும். மேன், மேப், மேற், பேன், பின், ரின், ரிப், ரேப் எல்லாம் இதுக்குள்ளை வரும். பிறிஸ்டல் போர்ட்டில 5 சென்ரிமீற்றர் சதுரமா வெட்டி, உயிரைச் சிவப்பு மையால, மெய்யை நீல மையால எழுதுங்கோ. ஒரு சோடிப் பிள்ளையளுக்கு ஒவ்வொரு எழுத்திலயும் ரெண்டு, மொத்தம் 12 மட்டை.

எழுத்தைக் காட்டினால் ஒலியை மட்டும் சொல்லவேணும். இதிலதான் பாதிப் பேர் கெடுக்கிறது. எம்முக்கு "ம" எண்டு சொல்லிப் பழக்கினால், "ம-ஏ-ன" எண்டுதான் வரும், "மேன்" வராது. "குற்று வைச்ச எழுத்து மாதிரிச் சொல்லு" எண்டால் உடன பிடிச்சிடுவினம். ம், ன், ப், ற். பிறகு மட்டையை ஒண்டோடொண்டு தள்ளிச் சேர்க்கச் சொல்லுங்கோ. மட்டை முட்டேக்கை ஒலியும் ஒட்டவேணும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலை தமிழில உச்சரிப்பு எழுதிற பழக்கத்தை விடுங்கோ, ரியூசனில எல்லாரும் செய்யினம். பிள்ளையின்ர கண் சுகமான எழுத்துக்குத்தான் போகும், ஆங்கில எழுத்தைப் பாக்கவே பாக்காது. கட்டாயம் தேவையெண்டால் மட்டையின்ர பின்பக்கத்தில எழுதுங்கோ.

இனிப் பி, டி. இதில ரெண்டு வேறை வேறை குழப்பம் கலந்திருக்கு. "போல்" (பந்து) எண்டதின்ர முதல் எழுத்தும் "டோக்" (நாய்) எண்டதின்ர முதல் எழுத்தும் வடிவக் குழப்பம். "போல்", "பென்" ரெண்டின்ரயும் முதல் எழுத்து ஒலிக் குழப்பம், ஏனெண்டால் எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே ப தான். ஒலியை மாத்தி எழுதிற பிள்ளைக்கு இடர்பாடு எண்டு சொல்ல ஏலாது, அது தமிழ்க் காது. கடதாசியில ஒரு விரல் அகலத்துக்கு நாடா வெட்டி வாய்க்கு முன்னாலை பிடிச்சு ரெண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கோ. "பென்" எண்டதுக்குக் கடதாசி துள்ளவேணும், "போல்" எண்டதுக்கு அவ்வளவு அசையாது. துள்ளாட்டில் நீங்கள் சொல்லுறதும் தமிழ் ப தான் எண்டு அர்த்தம், முதல்ல நீங்கள் பழகுங்கோ.

வடிவக் குழப்பத்துக்கு ரெண்டு எழுத்தையும் ஒரே கிழமையில படிப்பிக்காமல் விடுறதுதான் பெரிய மருந்து. ஒண்டு பிழையில்லாமல் ஓடினாப்பிறகு, ஒரு மாதம் கழிச்சு மற்றதை எடுங்கோ. எழுதேக்கை "போல்" எழுத்துக்கு முதல்ல கோடு, பிறகு வயிறு. "டோக்" எழுத்துக்கு முதல்ல வட்டம், பிறகு கோடு. கை தொடங்கிற இடம் வேறயா இருந்தால் குழப்பம் குறையும்.

ஸ்கூலை "இஸ்கூல்" எண்டு வாசிக்கிறது, "ஃபான்" எண்டதைப் "பான்" எண்டு எழுதிறது எல்லாம் மொழிப் பழக்கம். சிவப்பு மையால வட்டம் போட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

கைதடி_வாசி:

காது குறைஞ்ச பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. இடது காது குறைவெண்டால் வலது காது உங்கடை பக்கம் வாறமாதிரி இருத்துங்கோ, அதாவது பிள்ளை கரும்பலகையைப் பாக்கேக்கை வகுப்பின்ர இடக்கைப் பக்கமா இருந்து, வலது காது வகுப்பின்ர நடுப்பக்கம் வரவேணும். ஒண்டு, ஒண்டரை மீற்றருக்குள்ள. றோட்டுப்பக்க யன்னலும் காற்றாடியும் தள்ளி இருக்கட்டும். கரும்பலகையைப் பாத்துக்கொண்டு கதைக்காதேங்கோ.

உதடு பாத்து விளங்கிற பிள்ளைக்கு ப், ம் ரெண்டும், ஆங்கிலத்தில "போல்" எழுத்தும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதால சொல்வதெழுதுதல் குடுக்கேக்கை சொல்லோட படமோ மட்டையோ காட்டுங்கோ. அப்பிடிக் காட்டாமல் போட்ட புள்ளி அந்தப் பிள்ளையின்ர ஆங்கிலத்துக்குப் போட்ட புள்ளி இல்லை.

சைகை மொழியில வளந்த பிள்ளையள் வந்தால் அது வேறை கதை. அவைக்குத் தமிழே ரெண்டாம் மொழி. ஆங்கிலம் எழுத்து வழியாத்தான் போகவேணும்.

ஆறு_புள்ளி:

இந்தத் திரியை வாசிக்கிறவையில பார்வையற்ற பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவையும் இருக்கலாம், அதால சுருக்கமா. பிறெயில் எண்டது விரலால தொட்டு வாசிக்கிற எழுத்து, ஒரு கட்டத்தில 1 தொடக்கம் 6 வரை இலக்கமிட்ட ஆறு புள்ளி. தமிழ் பிறெயிலில் க 1-3 ஆம் புள்ளிகள், ம 1-3-4, ப 1-2-3-4. ஆங்கிலத்திலயும் கே, எம், "பென்" எண்டதின்ர பி அதே புள்ளிகள்தான். அதால எழுத்து அறிமுகம் கெதியா முடியும். பிழை வாறது உயிரில. தமிழ் பிறெயிலில் மெய்யோட சேந்த அகரத்தை எழுதிறதில்லை. அந்தப் பழக்கத்தில "மேப்" எண்டதை எழுதேக்கை நடுவில ஏ விடுபடும். அதைக் கவனக்குறைவு எண்டு ஏசாமல், ஆங்கிலத்தில ஒவ்வொரு உயிருக்கும் தனிக் கட்டம் எண்டு முதல் நாளே சொல்லிப்போடுங்கோ.

தென்மராட்சியான்:

நான் கொஞ்சம் மாறாச் சொல்லுறன். தமிழே ஓடாத பிள்ளைக்கு ஆங்கிலம் எதுக்கு? தரம் 6 இல சிங்களமும் இருக்கு. மூண்டு எழுத்து முறை ஒரே நேரத்தில. தமிழ் சரிவரும் மட்டும் ஆங்கிலப் பாடவேளையில வெளியில கூட்டிக்கொண்டு போய்த் தமிழ் வாசிப்புக் குடுங்கோ.

அலகு_ஆசிரியை:

பாதி சரி, தம்பி. மூண்டு எழுத்துச் சுமை உண்மை. ஆனா எழுத்துக் கஷ்டம் உள்ள பிள்ளைக்குக் காதும் வாயும் வேலை செய்யும். ஆங்கிலம் கேக்கிறதையும் கதைக்கிறதையும் நிப்பாட்டினால், எழுத்து வாற நேரத்தில சொல்வளமே இருக்காது. கிழமையில ரெண்டு பாடவேளையைத் தமிழ் வாசிப்புக்கு எடுங்கோ, மிச்சத்தில வகுப்போட இருக்கட்டும். ஆங்கிலத்தில எழுத்துவேலையை வெட்டுங்கோ: கரும்பலகையைப் பாத்து எழுதிறது வேண்டாம், இடைவெளி விட்ட தாள் குடுங்கோ. ஏ4 தாளில ஒரு பக்கம் மட்டும், எழுத்தளவு 16, ஐஞ்சு வினாவுக்கு மேல வேண்டாம். கிழமைக்குப் புதுச்சொல் ஐஞ்சு தொடக்கம் ஏழு. சித்திரத்தையும் உடற்கல்வியையும் மட்டும் எடுக்காதேங்கோ, சில பிள்ளையள் வெல்லுற இடம் அது ஒண்டுதான்.

ஓய்வுபெற்ற_அலுவலர்:

நிர்வாகப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஏழு பேரையும் அலகுக்கு அனுப்புமாறு வகுப்பாசிரியர் மாத்திரம் முடிவெடுக்க இயலாது. பெற்றோர், அதிபர், விசேட கல்வி ஆசிரியர் ஆகியோர் சேர்ந்து பேச வேண்டும். இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாரபட்சம் காட்டுவதை இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் தடுக்கிறது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே "இங்கே வைத்திருக்க முடியாது" என்று பெற்றோரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் வழக்கத்துக்கு இடமில்லை.

இடர்பாடு உறுதியான பிள்ளைக்குத் தனியாள் கல்வித் திட்டம் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பக்கத் திட்டத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தற்போதைய நிலை, தவணைக்கு மூன்று இலக்கு, யார் எப்போது செய்வது, எப்படி அளப்பது. "ஆங்கில வாசிப்பை மேம்படுத்தல்" என்பது இலக்கல்ல. "தவணை முடிவில் கொடுக்கப்பட்ட 20 மூன்றெழுத்துச் சொற்களில் 16 ஐ உதவியின்றி வாசிப்பார்" என்பதே இலக்கு. வாரம் ஒருமுறை அதே 20 மட்டைகளைக் காட்டி எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். நான்கு வாரம் எண் நகராவிட்டால் முறையை மாற்றுங்கள், பிள்ளையை அல்ல.

அந்தத் தாள்கள் பிற்காலத்திலும் உதவும். பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம், எழுத உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள், பிறெயில் வினாத்தாள் போன்ற சலுகைகளுக்கு அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையுடன் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தரம் 11 இல் அறிக்கைக்கு ஓடுவோர் பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறார்கள். தரம் 6 இலிருந்தே கோப்பில் சேருங்கள்.

வடமராட்சி_ஆங்கிலம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. மிச்சம் 27 பேர் இருக்கேக்கை இந்த மட்டை வேலைக்கு 40 நிமிசத்தில எங்கை நேரம்?

மெய்யும்_உயிரும்:

முதல் 8 நிமிசம் முழு வகுப்புக்கும் வாய்மொழி, எழுத்தே வேண்டாம், ஏழு பேரும் அதில கலந்துகொள்ளுவினம். அடுத்த 12 நிமிசம் பாடப்புத்தகம். பிறகு 15 நிமிசம் 27 பேரும் சோடியாப் பயிற்சி எழுத, நீங்கள் ஏழு பேரோட மட்டை. கடைசி 5 நிமிசம் கொப்பி பாக்க. 15 நிமிசத்துக்குள்ள வகுப்பு சத்தம் போட்டால், பயிற்சி சுகமாப் போச்சுது எண்டு அர்த்தம், ரெண்டு வினா கூட்டிக் குடுங்கோ. ஏழு பேரையும் கடைசி வாங்கில இருத்தவேண்டாம், ரீச்சர். வாசல் பக்கத்து முன் வரிசை ரெண்டு மேசையைச் சேத்துப் போடுங்கோ. உங்களுக்கும் வகுப்பைப் பாக்கலாம், காது குறைஞ்ச பிள்ளையின்ர இடத்தை மட்டும் முதல்ல ஒழுங்கு பண்ணிப்போட்டு மற்றவையை இருத்துங்கோ.