பிரிகோசியல், அல்ட்ரிஷியல்: தமிழில் என்ன?

வணக்கம். தீவகப் பறவைகள் பற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அச்சுக்குப் போகிறது. ஆட்காட்டிக் குஞ்சு கண் திறந்து, உடம்பெல்லாம் தூவியோடு பொரிக்கும்; ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்து தானே இரை பொறுக்கும். காகக் குஞ்சோ கண் மூடி, வெறும் தோலோடு, வாயைப் பிளந்தபடி கூட்டில் கிடக்கும். முதல்வகையை ஆங்கிலத்தில் பிரிகோசியல் என்பார்கள், மற்றதை அல்ட்ரிஷியல் என்பார்கள். முறையே ஓடுகுஞ்சு, கூட்டுக்குஞ்சு என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி:
தங்கச்சி, பழந்தமிழில் இருக்க ஏன் புதிதாகச் செய்வான்? பறப்பவற்றின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பிள்ளை என்று இரண்டு பெயர் தருகிறது. ஐங்குறுநூற்றில் ஆமையின் குஞ்சு பார்ப்பு. அது பொரித்ததுமே தன் காலில் போவது. அதே நூலில் வெள்ளாங்குருகின் குஞ்சு பிள்ளை. குறுந்தொகை 46இல் வீட்டுக் குருவியின் குஞ்சும் பிள்ளை. இரண்டும் கூட்டில் கிடந்து இரை வாங்குபவை. கண் திறந்து பார்ப்பதால்தான் பார்ப்பு என்பது என் துணிபு.

மறுமொழி:
ஐயா, நூற்பாவில் அந்தப் பிரிவு இல்லையே. தவழ்பவற்றுக்கும் அதே இரண்டையும்தான் தொல்காப்பியர் சொல்கிறார். அணிலும் கீரியும் கிழடானாலும் நமக்குப் பிள்ளைதான். தென்னங்கன்றும் பிள்ளை. வகுப்பில் 'பிள்ளை கூட்டில் கிடக்கும்' என்று எப்படிப் படிப்பிப்பது? அதற்காக ஓடுகுஞ்சும் வேண்டாம், முட்டை ஓடு என்று வாசிப்பார்கள். தாராக் குஞ்சு ஓடுவதை விட நீந்துவதுதான் அதிகம். இலத்தீனில் முதற்சொல் 'முந்திப் பழுத்தது'. அதனால் முன்முதிர் குஞ்சு, பின்முதிர் குஞ்சு என்பேன்.

மறுமொழி:
முன்முதிர் என்றால் பிள்ளைகளுக்கு மாம்பழந்தான் நினைவு வரும், அண்ணா. இரண்டாம் சொல்லின் இலத்தீன் வேர் 'ஊட்டி வளர்ப்பவள்'. முதிர்ச்சியே அதில் இல்லை. ஊட்டுகுஞ்சு என்று வைத்துப் பார்த்தேன், ஆலா என்ற கடற்பறவையில் இடறுகிறது. ஆலாக் குஞ்சு கண் திறந்து, தூவியோடு பொரித்து, மணலில் நடக்கும். ஆனாலும் தாய் தகப்பன் மீன் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். படத்தைப் பார்த்ததும் விளங்குகிற சொல்தான் இந்த வயதுக்குத் தேவை. பலரும் சரி என்பதால் நடைகுஞ்சு, கூட்டுக்குஞ்சு என்று மாற்றி அனுப்புகிறேன்.

மறுமொழி:
நடைகுஞ்சுக்கு நான் உடன்பாடில்லை. பார்ப்பு என்ற சொல்லைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் கேட்காவிட்டால் பிறகு எங்கே கேட்பார்கள்? அடிக்குறிப்பிலாவது போடுங்கோ. ஆலாக் குஞ்சை இரண்டில் எந்தப் பெயரில் சேர்ப்பது என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை.