உராய்வே இல்லாத ஊசலில் சக்தி கூடிக்கொண்டே போகிறது, பிழை எங்கே?

உப்புவெளி: வணக்கம். கோணேசபுரி வளாகத்தில் முதல் வருடம் படிக்கிறேன். தனி ஊசலைப் பைதன் நிரலில் ஒயிலர் முறையில், அதாவது நேரத்தைச் சிறு படிகளாக வெட்டிப் படிப்படியாகக் கணிக்கிறேன். நூல் 1 மீற்றர், ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8, படி 0.01 செக்கன், 10 பாகையில் ஓய்விலிருந்து விடுகிறேன். 20 செக்கனில் வீச்சம் 26 பாகைக்குக் கிட்ட வந்துவிடுகிறது. மொத்தச் சக்தி ஏறக்குறைய 7 மடங்கு! சமன்பாட்டைத் தாளில் மூன்று தடவை செய்து பார்த்தேன், சரிதான். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்.

மூதூர்: படியை 0.001 ஆக்கிப் பாருங்கள் தம்பி.

உப்புவெளி: பார்த்தேன் அண்ணா. அப்போதும் சுமார் 22 சதவீதம் கூடுகிறது.

உவர்மலை: தம்பி, சமன்பாட்டில் பிழை இல்லை, முறையில்தான். புதிய கோணம், புதிய கோணவேகம் இரண்டையும் பழைய பெறுமானங்களை வைத்தே கணிக்கிறீர்கள், இல்லையா? சிறிய வீச்சத்தில், அச்சுகளின் அளவிடையைச் சரியாக எடுத்தால், ஊசல் அவத்தை வெளியில், அதாவது கோணம் ஓர் அச்சிலும் கோணவேகம் மற்ற அச்சிலும் உள்ள வரைபடத்தில், வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒயிலர் முறையோ ஒவ்வொரு படியிலும் தொடலி வழியே நேராகப் போகிறது. தொடலியில் போனால் வட்டத்துக்கு வெளியேதான் போய்ச் சேரலாம், உள்ளே வர வழியே இல்லை. பைதகரஸ் போட்டுப் பாருங்கள்: ஒரு படிக்குச் சக்தி (1 + 9.8 × 0.01²), அதாவது 1.00098 மடங்காகிறது. 2000 படிக்குப் பெருக்கினால் 7.1. உங்கள் 7 மடங்கு அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் கோணவேகத்தை மாற்றுங்கள். அப்புறம் அந்தப் புதிய கோணவேகத்தை வைத்துக் கோணத்தை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

உப்புவெளி: அக்கா, சரிவந்துவிட்டது! சக்தி கொஞ்சம் ஏறி இறங்குகிறது, ஆனால் 3600 செக்கன் வரை ஓட்டியும் கூடவில்லை. இன்னொரு சந்தேகம்: 60 பாகையில் விட்டால் அலைவுகாலம் 2.15 செக்கன் வருகிறது. 2π√(நீளம்/ஈர்ப்பு ஆர்முடுகல்) என்ற சூத்திரம் 2.01 தருகிறதே?

உவர்மலை: அது பிழை இல்லை தம்பி, கட்டாயம் அறிக்கையில் எழுதுங்கள். உயர்தரத்தில் படித்த எளிமை இசை இயக்கம், கோணத்தின் சைனைக் கோணமாகவே எடுத்துக்கொள்கிறது. பெரிய கோணத்துக்கு முதல் திருத்தமாக, சூத்திரம் தரும் அலைவுகாலத்தை (1 + கோணம்²/16) ஆல் பெருக்க வேண்டும்; கோணத்தை ஆரையனில் எடுங்கள். அப்படிச் செய்தால் 2.14 வரும். மிச்சம் அடுத்தடுத்த உறுப்புகளில் இருக்கிறது.

மூதூர்: நேரம் இருந்தால் தூண்டில் ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நீளத்தைக் குண்டின் நடு வரைக்கும் அளந்து 1 மீற்றர் வையுங்கள். 10 பாகையில் விட்டால் 10 முழு ஆட்டத்துக்கு (போய்த் திரும்பி வருவது ஒன்று) 20 செக்கன் வர வேண்டும்.

உப்புவெளி: இன்றைக்கே செய்கிறேன் அண்ணா. மிக்க நன்றி அக்கா.