அறைக்கு நாலு பேர்: பட்டாசு ஆலை விதியை மீறுவது யார்?

கரிசல்காட்டுப் பெண்:
வணக்கம். எனக்கு விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டைப் பக்கம். அம்மா 22 வருஷம் பட்டாசு ஆலையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தியவர். இடது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிறகு வீட்டோடு இருக்கிறார்.

எங்கள் ஊர் ஆலை வாசலில் புதிதாக விதிமுறைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். நல்ல தமிழில், பெரிய எழுத்தில். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். கொலுசு, ஊக்கு ஆகாது. உள்ளே போகுமுன், உடம்பில் சேர்ந்த மின்னேற்றம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது. மிச்ச மருந்தை ராத்திரி அறையில் விட்டுவைக்கக் கூடாது. படம் பிடித்து வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் நான் வேலைக்குப் போன முதல் வருஷமே தெரியும்டி" என்றார்.

என் கேள்வி அதுதான். தெரியாமல் யாரும் சாகவில்லை. தெரிந்துதான் நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். ஏனென்றால் கூலி எண்ணிக்கைக்கு. ஆயிரம் குழாய்க்கு இவ்வளவு. ஆவணி பிறந்துவிட்டால் ஆர்டர் நெருக்கும், அறை கிடைக்காதவள் மரத்தடிக்குப் போவாள். பருத்திச் சேலை என்று எழுதியிருக்கிறது. அம்மா காலம் பூராவும் கட்டியது பாலியஸ்டர், அதுதான் விலை குறைவு, சீக்கிரம் காயும். பருத்திச் சேலை யார் வாங்கித் தருவது என்று பலகையில் இல்லை. கூலியைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த விதிகள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டவை?

ஓய்வு வருவாய்த்துறை:
அம்மா, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பணியில் இருந்தபோது ஆலை ஆய்வுக்குப் பல வருஷம் போனவன். உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது விழ வேண்டிய இடம் விதி அல்ல.

நாலு பேர் என்பது யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதிய எண் இல்லை. ஒரு அறை வெடித்தால் அந்த அறையோடு போக வேண்டும், பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது. அதற்குத்தான் அறைக்கும் அறைக்கும் இடைவெளி, அறைக்குள் இவ்வளவு கிலோதான், இவ்வளவு ஆள்தான் என்ற கணக்கு. 1884-ஆம் வருஷச் சட்டமும் அதன் கீழ் வந்த 2008 விதிகளும் இந்த ஒரே எண்ணத்தில் நிற்பவை. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலக்கக் கூடாது என்று 1992-ல் தடை வந்ததும் செத்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான்.

சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டி ஆலை வெடித்ததை நினைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5. உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில் அன்றைக்கு வேலை நடந்தது. ஏறத்தாழ 40 பேர் போனார்கள், அதில் பலர் புகையைப் பார்த்துவிட்டுக் காப்பாற்ற ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பெயரில், அறைகளோ பல பேருக்கு உள்குத்தகை. விதியை அப்படியே பின்பற்றி வெடித்த ஆலை என்று ஒன்றை யாராவது காட்டுங்கள். கூலியைப் பேசத் தொழிலாளர் துறை இருக்கிறது. வெடிபொருள் விதியில் அதைத் தேடாதீர்கள்.

திருத்தங்கல் சின்ன ஆலை:
சார் சொல்வதைக் கேட்டால் முதலாளி எல்லாரும் கொலைகாரன் மாதிரி இருக்கு. எங்கள் பக்கத்தையும் கேளுங்க.

நம்ம ஊரில் உரிமம் மூணு தட்டு. டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று நாங்கள் சொல்வது கலெக்டர் ஆபீசில் வாங்குவது. ஒரு நேரத்தில் 15 கிலோ மருந்துக்கு மேல் இருக்கக் கூடாது. சென்னை லைசென்ஸ், அதாவது மத்திய வெடிபொருள் துறையின் சென்னை ஆபீஸ் தருவது, 500 கிலோ வரை. அதுக்கு மேலே அந்தத் துறையின் தலைமை ஆபீஸ் இருக்கிற நாக்பூர். நான் 15 கிலோக்காரன். இதை வைத்துப் பிழைப்பது எப்படி என்று ஆய்வுக்கு வந்த யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அளவு கூடிவிட்டது, சீல் என்பதோடு போய்விடுவார்கள்.

அதுக்கு மேலே 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பேரியம் உப்பு சேர்ந்த மருந்து கூடாது, சரவெடி கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் என்று வந்தது. அந்த வருஷம் நவம்பரில் மூடிய கதவை நாங்கள் திறந்தது அடுத்த மார்ச்சில். எங்க அப்பா காலத்திலிருந்து செஞ்ச சரக்கு ஒரே நாளில் குற்றமாகிப்போச்சு. சரவெடி போனதும் எல்லாரும் பேன்சி ரகத்துக்குத் தாவினாங்க. அதில் மணிமருந்து வேலை, மருந்தைச் சின்னச் சின்ன மணியா உருட்டுறது. சரவெடி பின்னிய கைக்கு அது புதுசு. டில்லியில் புகை குறையணும்னு போட்ட உத்தரவு இங்கே வேலையின் ஆபத்தைக் கூட்டிடுச்சு என்பது என் அனுபவம். யாரும் அதைப் பேசுவதில்லை.

தங்கச்சிக்கு ஒண்ணு. நாள்கூலி வேண்டாம்னு சொன்னது எங்க ஆலைப் பெண்கள்தான். தண்ணி வரும் நேரம், பிள்ளை பள்ளிக்கூடம் விடும் நேரம்னு மூணு மணிக்கே கிளம்பணும். எண்ணிக்கைக் கூலின்னா வந்த நேரத்துக்கு வேலை, போன நேரத்துக்குப் போகலாம். அந்த வசதியை ஆலைக்காரன் சதின்னு எழுதாதீங்க.

கரிசல்காட்டுப் பெண்:
அண்ணாச்சி, சதி என்று நான் எழுதவில்லை. மூணு மணிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் காலையில் வேகம் பிடிக்கிறார்கள். வேகம் பிடித்தால் கை உரசும். ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வருமே, "உராய்வு காரணமாக" என்று. கூலிக்கணக்குக்கு ஓடிய கையின் உராய்வு அது. அம்மாவுக்கு ஆனதும் அப்படித்தான்.

போர்மேன் மாரி:
நான் 19 வருஷமா போர்மேன். ரெண்டு பக்கமும் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஆள் கூடினால் சாவு கூடும், வாஸ்தவம். ஆனா வெடிக்கிறதுக்கு ஆரம்பம் பலநேரம் மிச்ச மருந்து. காலையில வெயில் ஏறுமுன்னே கலவையை முடிச்சு, அன்னன்னைக்குச் செலுத்திடணும். மிஞ்சினதை அன்னைக்கே அழிக்கணும். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாவே சூடேறும், தீயே வேண்டாம்.

ஒரு ஐப்பசி. முந்தின ராத்திரி தூறல். காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்தேன். மூலையில ஒரு தட்டு, மேலே சாக்கு மூடியிருந்தது. முந்தின நாள் யாரோ மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்காங்க, மறுநாள் சீக்கிரம் ஆரம்பிக்கலாம்னு. கிட்டப் போனதும் ஒரு வாடை, அவிஞ்ச முட்டை மாதிரி. சாக்குமேல புறங்கையை வெச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒண்ணும் பேசல. வெளியே வந்து வரிசையில நின்ன 11 பெண்களையும் சாமான், தூக்குவாளி எதையும் எடுக்க விடாம கேட்டுக்கு அந்தப்பக்கம் விரட்டினேன். பக்கத்து அறை ஆளுகளையும். கொஞ்ச நேரத்தில முதல்ல புகை வந்துச்சு. அப்புறம் அறை போயிடுச்சு. கூரை ஓடு வேலிக்கு வெளியே விழுந்து கிடந்துச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல.

இப்போ நீங்க கேக்கற கூலிக்கு வர்றேன். அன்னைக்கு ஆலை மூடியாச்சு, யாருக்கும் கூலி இல்ல. அப்புறம் விசாரணை, ஒன்பது நாள் கதவடைப்பு. பத்தாம் நாள் வேலைக்கு வந்தப்ப அந்தப் பெண்களில் ரெண்டு பேர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. தீபாவளிச் சமயத்தில ஒன்பது நாள் போச்சேன்னு. நான் கோவிச்சுக்கல. அவங்க வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும்.

திருச்சி தீபாவளிக் கடை:
நான் ஆலைக்காரன் இல்லை, வருஷாவருஷம் தற்காலிகக் கடை போடுகிறவன். எங்களுக்கும் இதே 2008 விதிதான். கொட்டகை தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர். வீடு, பள்ளிக்கூடம் போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். எதிரும் புதிருமாகக் கடை கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு கிட்டேயே வரக் கூடாது. தீயணைப்புத் துறையிலிருந்து டேப்போடு வருவார்கள், ஒரு முனையை நானே பிடிப்பேன். 2 மீட்டர் 80 என்று வந்தால் தகரத்தைப் பிரித்துத் தள்ளிக் கட்டிவிட்டுத்தான் உரிமம். அளக்க முடிகிற விதி நிற்கிறது. அறைக்குள் எத்தனை பேர் என்பது ஜீப் வரும் அன்றைக்கு மட்டும் அளக்கப்படுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓய்வு வருவாய்த்துறை:
கடைக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஜீப் ஊர் எல்லைக்கு வந்ததும் ஆலைக்குப் போன் போய்விடும். நாங்கள் உள்ளே போகையில் அறைக்கு நாலு பேர் அழகாக உட்கார்ந்திருப்பார்கள், வேலிக்கு அப்பால் உடைமரத்து நிழலில் முப்பது பேர் தூக்குவாளியோடு நிற்பார்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறோம் என்பார்கள். அந்தப் பாதையில் பேருந்தே கிடையாது. எழுதியிருக்கிறேன், சீல் வைத்திருக்கிறேன், மறுமாதம் அதே காட்சி.

ஆனால் திருத்தங்கல் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 15 கிலோவில் பிழைக்க முடியாதென்றால் அடுத்த தட்டு உரிமத்துக்குப் போக வேண்டும், அதற்கேற்ற நிலமும் இடைவெளியும் காட்ட வேண்டும். பிழைக்க முடியவில்லை என்பது 60 கிலோ வைத்துக்கொள்ள அனுமதி ஆகாது. வெடிக்கும்போது மருந்து உங்கள் வருமானத்தைக் கேட்டுக்கொண்டு வெடிக்காது.

திருத்தங்கல் சின்ன ஆலை:
சென்னை லைசென்சுக்கு வேண்டிய நிலம் என்ன விலைன்னு சாருக்குத் தெரியும். அது கையில் இருந்தால் நான் ஏன் பட்டாசு செய்யப்போறேன். 60 கிலோ நான் வெச்சதில்ல, அதையும் இங்கே எல்லார் முன்னாலயும் சொல்றேன். உள்குத்தகைக்கும் விட்டதில்ல. விடுறவங்களைப் பிடிங்க, நான் சாட்சிக்கு வர்றேன். அவங்க பண்ணுறதுக்கு நான் சீல் வாங்கறேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கரிசல்காட்டுப் பெண்:
பிடித்தால் என்ன தண்டனை என்று சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1884 சட்டம், 9பி பிரிவு. விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அல்லது" என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. ஐயாயிரம் ரூபாயோடு முடிந்துபோகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஓய்வு வருவாய்த்துறை:
உயிர் போனால் அந்தப் பிரிவு மட்டும் நிற்பதில்லை அம்மா, மரணம் விளைவித்ததற்கான கடுமையான பிரிவுகளும் சேரும். அபராதத்தை உயர்த்த 2024-ல் புதிய மசோதா வரைவும் வெளியிட்டார்கள். ஆனால் உயிர் போகும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற உங்கள் வேதனை சரி. வெடிக்காத மீறலுக்கு வலிக்கிற தண்டனை இன்று இல்லை.

கரிசல்காட்டுப் பெண்:
அப்படியென்றால் என் யோசனையைக் கேளுங்கள் அய்யா. அறைக்கு இவ்வளவு கிலோ என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. அந்த அளவு மருந்தை நாலு பேர் செலுத்தி முடித்தால் அன்றைய வேலை முடிந்தது, முழு நாள் கூலி. பன்னிரண்டு மணிக்கே முடிந்தாலும் சரி. ஆபத்து என்று அறையை விட்டு வெளியேற்றினாலும் அன்றைய கூலி உண்டு. இதை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதுங்கள். எட்டுப் பேர் உட்கார்வதால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது என்று ஆகிவிட்டால் ஐந்தாவது ஆள் எதற்கு உள்ளே வருவாள்?

திருத்தங்கல் சின்ன ஆலை:
கேக்க நல்லா இருக்கு தங்கச்சி. நான் ஒருத்தன் கொடுத்தால் என் சரக்கு விலை கூடும், வியாபாரி பக்கத்து ஆலைக்குப் போவான். மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆலை இருக்கு. எல்லாருக்கும் ஒரே நாளில் உத்தரவு வந்தால் நான் முதல் ஆளா கையெழுத்துப் போடறேன். இப்போ முடியாது. பொய் சொல்ல விரும்பல.

ஓய்வு வருவாய்த்துறை:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூலியை வெடிபொருள் உரிமத்தோடு கட்டினால் ஒவ்வொரு கூலித் தகராறும் நாக்பூர் வரை போகும். ஆய்வாளர் கிலோவை எண்ணுவாரா, சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பாரா? இருக்கிற சில பேரின் கண்ணை மருந்திலிருந்து திருப்பிவிடாதீர்கள். உள்குத்தகையை ஒழியுங்கள், ஆய்வை முன்னறிவிப்பு இல்லாமல் நடத்துங்கள். பாதி உயிர் அதிலேயே மிஞ்சும்.

கரிசல்காட்டுப் பெண்:
மீதிப் பாதி எங்கள் தெருவில் இருக்கிறது அய்யா.

போர்மேன் அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். புறங்கையை வைத்துப் பார்த்ததாகச் சொன்ன இடத்தில் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்று கேட்கச் சொன்னார். அன்றைக்கு வெளியே ஓடின அந்தப் பதினொரு பேருக்கும் அரை நாள் கூலியாவது பின்னால் கிடைத்ததா?

போர்மேன் மாரி:
இல்ல தாயி. ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன். வேலையே ஆரம்பிக்கலையே, எதுக்குக் கூலின்னாங்க. தூக்குவாளி மட்டும் திரும்பக் கிடைச்சது, நாலு பேருக்கு.